ரெம்ப்ராண்ட்டின் மூக்கும் திருமலை நாயக்கரின் தொப்பையும்

1659-ஆம் வருடம் மதுரையில் திருமலை நாயக்கர் இறந்துபோனார். முப்பத்தாறு வருடம் ஆண்டவர். மஹால், புது மண்டபம், தெப்பக்குளம் என்று ஊரின் பாதி அடையாளத்தைத் தன் கணக்கில் எழுதி வைத்துவிட்டுப் போனவர். அதே 1659-ல் ஆம்ஸ்டர்டாமில், திவாலாகி சொந்த வீட்டைப் பறிகொடுத்து வாடகை வீட்டுக்குக் குடிபோன ஓர் ஓவியர், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் முகத்தைத் தானே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவர் பெயர் ரெம்ப்ராண்ட்.

இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் போடுகிற முடிச்சுதான். ஆனால் அந்த முடிச்சை எனக்குப் போட்டுக்காட்டியவர் எங்கள் பெரியப்பா. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வருவோம்.

முதலில் ஒரு சொல். ரெம்ப்ராண்ட் காலத்து ஐரோப்பியக் கலையை 'பரோக்' என்கிறார்கள். ஏதோ அரண்மனைச் சமாச்சாரம் மாதிரி கேட்கிறது. ஆனால் அந்தச் சொல், கோணல்மாணலான முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். உருண்டையாக வராமல் ஒரு பக்கம் புடைத்து, ஒரு பக்கம் அமுங்கி இருக்கும் முத்து. முத்து என்றால் நமக்குத் தூத்துக்குடி. அங்கே போர்த்துகீசியர்கள் முத்துக்குளிக்கும் கடற்கரையைக் கையில் வைத்திருந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் வந்து அவர்களைத் துரத்திவிட்டுத் தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த டச்சுக்காரர்களின் ஊர்க்காரர்தான் ரெம்ப்ராண்ட். ஆக, நம் கடற்கரையில் முத்துக்கு விலைபேசிய கூட்டத்துக்கும் அந்தக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்த மனிதருக்கும் ஊர் ஒன்றுதான்.

கோணல் முத்து என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அது தேவைப்படும்.

*

ரெம்ப்ராண்ட் 1606-ல் லைடன் என்ற ஊரில் மாவு மில்காரர் ஒருவருக்குப் பிறந்தார். (அதே 1606-ல்தான் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். வருடங்கள் இப்படி ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதைப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு :-)) இளம் வயதிலேயே பேர் வாங்கி, ஆம்ஸ்டர்டாமில் பணக்காரர்களின் படங்களை வரைந்து, 1639-ல் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீடு வாங்கினார். முழுப்பணமும் கையில் இல்லை. கடன். மனைவி சாஸ்கியா 1642-ல் இறந்தார். கடன் வளர்ந்தது. 1656-ல் திவால். வீட்டிலிருந்த சாமான்களைக் கடன்காரர்களுக்காகப் பட்டியல் போட்டார்கள். 363 வரிகள் கொண்ட பட்டியல் அது. 1658-ல் வீடும் போனது.

மறுவருடம் வரைந்ததுதான் நான் சொல்லும் படம். இப்போது அமெரிக்காவில், வாஷிங்டனில் இருக்கிற நேஷனல் கேலரியில் இருக்கிறது. சுமார் 84 சென்டிமீட்டர் உயரம், 66 சென்டிமீட்டர் அகலம். பெரிய படம் ஒன்றும் இல்லை. பழுப்பு இருட்டு. தலையில் கறுப்புத் தொப்பி. கைகளைக் கோத்து மடியில் வைத்திருக்கிறார். வெளிச்சம் எல்லாம் முகத்தில். மூக்கு உருண்டையாக, கிழங்கு மாதிரி. கன்னம் தொங்குகிறது. கண்ணுக்குக் கீழே பை. நெற்றியில் சுருக்கம். கண்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன. 'பாவம்' என்று சொல்ல வாயெடுத்தால், 'உன்னிடம் பரிதாபம் கேட்டேனா?' என்று திருப்பிக் கேட்கிற பார்வை.

இவர் தன் முகத்தை ஒரு தடவை இரண்டு தடவை வரையவில்லை. எண்ணெய் ஓவியங்களாகச் சுமார் நாற்பது, செப்புத்தகட்டில் கீறி எடுத்த அச்சுகளாக முப்பதுக்கு மேல், தவிர சில கோட்டோவியங்கள். 22 வயதில் வரைந்த ஒன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் கண்கள் இரண்டும் நிழலில். காதும் கன்னமும் மட்டும் வெளிச்சத்தில். தலைமுடிச் சுருள்களைத் தூரிகையால் வரையவில்லை. ஈரமாக இருக்கிற பெயிண்டில் தூரிகையின் பின்பக்கக் கட்டையால் கீறிவிட்டிருக்கிறார். அந்த வயதிலேயே அவ்வளவு துணிச்சல். இறந்த வருடமான 1669 வரை இந்தப் பழக்கம் விடவில்லை.

ஏன் இத்தனை? 'தன் ஆன்மாவைத் தேடினார்' என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விஷயம் அவ்வளவு சாமியார்த்தனமானது இல்லை. முகபாவம் வரைந்து பழக ஓர் ஆள் வேண்டும். வெளி ஆளை உட்காரவைத்தால் கூலி கொடுக்கவேண்டும். கண்ணாடி கூலி கேட்காது. சிரிப்பது, முறைப்பது, வாயைப் பிளப்பது என்று 1630-ல் தன் முகத்தை வைத்தே வரிசையாகச் செப்புத்தகட்டு அச்சுகள் போட்டிருக்கிறார். இன்னொன்று, பேர் வாங்கிய ஓவியரின் முகம் அவர் கையாலேயே வரையப்பட்டு வந்தால் வாங்க ஆள் இருந்தது. ஒரே படத்தில் ஆளும் கிடைக்கும், ஆளின் கைவேலையும் கிடைக்கும். ஆக அது வியாபாரமும்தான். இதைத் தெரிந்துகொண்டபிறகு எனக்கு அந்தப் படங்கள் மேல் மரியாதை குறையவில்லை, கூடியது. விற்கிற சரக்கில் மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கி, கன்னத்தைக் கொஞ்சம் தூக்கிவிட யாருக்கும் ஆசை வரும். இந்த மனிதர் செய்யவில்லை.

கண்ணாடியில் பார்த்து வரைவதில் ஒரு தகராறு உண்டு. இடது வலது மாறிவிடும். லண்டன் கென்வுட் மாளிகையில் ரெம்ப்ராண்ட் கடைசி வருடங்களில் வரைந்த ஒரு படம் இருக்கிறது. கையில் வண்ணத்தட்டும் தூரிகைகளும் வைத்துக்கொண்டு நிற்கிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் கண்ணாடியில் தெரிந்தபடியே தூரிகையை மறுகையில் போட்டு, பிறகு திருத்தியிருக்கிறார் என்று தெரிந்தது. கண் பார்த்ததைக் கை அப்படியே போட்டுவிட்டது. புத்தி பின்னாலேயே வந்து சரிசெய்திருக்கிறது.

நமக்கு நெருக்கமான ஒரு சங்கதியும் உண்டு. திவாலாகியிருந்த அதே காலத்தில், சுமார் 1656-லிருந்து 1661 வரை, கப்பலில் வந்த முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட படங்களை இவர் வரைந்தார். ஜப்பானியத் தாளில், பழுப்பு மையில், ஷாஜகானையே வரைந்திருக்கிறார். 2018-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் இவற்றை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். இந்தியா பக்கம் வந்தே இராத மனிதர், கடன்காரர்கள் வாசலில் நிற்கும்போது, நம் ஊர் ஓவியனின் கோட்டை உட்கார்ந்து படித்திருக்கிறார்.

*

சரி, மதுரைக்கு வருவோம்.

மீனாட்சியம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்காகக் கட்டியது. கட்டி நானூறு வருடம் ஆகப்போகிறது, இன்னும் 'புது' மண்டபம்தான். என் வயதுக்காரர்களுக்குச் சின்ன வயதில் அது கோவில் மண்டபமே இல்லை, கடைவீதி. தையல் மிஷின் வரிசை, வளையல், பாத்திரம், சாமி அலங்கார ஜரிகை, பள்ளிப் புத்தகம். யாளிக்குக் கீழே உட்கார்ந்து என் பாவாடைக்கு அளவெடுத்திருக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் கோவிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதன்பிறகு கோவிலுக்குள்ளும் சுற்றிலும் உள்ள கடைகளைப் பற்றிய பேச்சு சூடானது. புது மண்டபக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயின. துணி மூட்டைகள் போனபிறகுதான் தூண்களில் இருந்தவர்கள் முகம் எங்களுக்குத் தெரிந்தது.

அங்கே நாயக்க அரசர்கள் பத்துப்பேர் தூண்களில் வரிசையாக நிற்கிறார்கள். கைகூப்பிய கோலம். அதில் திருமலை நாயக்கரைக் கண்டுபிடிக்க வழிகாட்டி தேவையில்லை. தலைக்கு மேல் விதானம் இருக்கும், பக்கத்தில் ராணிகள் இருப்பார்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொப்பை இருக்கும். நல்ல, வளமான, இடைக்கச்சைக்கு மேலே தளும்புகிற தொப்பை. அழகர்கோவிலுக்குப் போனாலும், திருப்பரங்குன்றம் போனாலும், ஸ்ரீவில்லிபுத்தூர் போனாலும் இவரைப் பார்க்கலாம்.

நம் மரபில் சாமி சிலைக்கு அளவு உண்டு. தாளம், அங்குலம் என்று கணக்கு. முகம் இத்தனை, மூக்கு இத்தனை என்று சாஸ்திரம் சொல்லும். பெருமாளுக்கும் சிவனுக்கும் வயசாவதில்லை. தொப்பை விழுவதில்லை (பிள்ளையார் தனிக்கேஸ்). ராஜாக்களையும் பெரும்பாலும் அந்த அச்சிலேயே வார்த்தார்கள். ஆனால் இந்தச் சிற்பி, உயிரோடு இருக்கிற ராஜாவுக்கு முன்னால், ராஜா கட்டுகிற மண்டபத்திலேயே, ராஜாவின் தொப்பையைக் கல்லில் எடுத்திருக்கிறார். அதை ராஜாவும் அனுமதித்திருக்கிறார். செல்வச்செழிப்பின் அடையாளம் என்று ரசித்தும் இருக்கலாம். எப்படியானாலும், முகம் தெரியாத நூறு ராஜாக்களுக்கு நடுவில் இவரை நாம் தெருவில் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவோம் என்கிற அளவுக்கு ஆள் ஆளாக நிற்கிறார். கோணல் முத்து.

இந்த மண்டபத்தைச் சுற்றி மதுரையில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. ராணியின் சிலையைச் செதுக்கும்போது தொடைப்பகுதியில் ஒரு சில்லு தெறித்துவிட்டதாம். சிற்பி மறுபடி செய்தாலும் அதே இடத்தில் தெறிக்கிறது. ராஜாவின் அமைச்சரும் பெரும் புலவருமான நீலகண்ட தீட்சிதர், 'அப்படியே விட்டுவிடு. ராணிக்கு அந்த இடத்தில் மச்சம் இருக்கவேண்டும், லட்சணப்படி அதுதான் சரி' என்றாராம். விஷயம் ராஜா காதுக்குப் போனது. என் ராணியின் தொடையில் மச்சம் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? கண்ணைப் பிடுங்க உத்தரவு. ஆள் வருவதற்குள் தீட்சிதர் பூஜையில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தால் தன் கண்களைத் தானே பொசுக்கிக்கொண்டார். பிறகு ராஜா வருந்தினார், தீட்சிதர் அம்மனைப் பாடினார், பார்வை திரும்பியது. அந்தப் பாட்டுதான் 'ஆனந்தசாகர ஸ்தவம்' என்பார்கள். நீலகண்ட தீட்சிதர் வரலாற்றில் இருந்தவர். 1637-ல் 'நீலகண்ட விஜய சம்பு' எழுதியவர். கற்பூரக் கதை செவிவழிக் கதை. வேறு மாதிரி சொல்பவர்களும் உண்டு. தஞ்சாவூர் இளவரசியான ராணி, 'உங்கள் மஹால் எங்கள் அப்பா வீட்டுக் குதிரை லாயத்துக்குக் காணாது' என்று கேலி செய்தாளாம், ராஜா கோபத்தில் குறுவாளை வீசினாராம், தொடைத் தழும்பு அதனால் வந்ததாம்.

இரண்டு கதையிலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். கல்லில் உள்ள ஒரு குறையைப் பார்த்து, 'இது சிற்பியின் தவறில்லை, இது அந்த ஆளின் அடையாளம்' என்று ஓர் ஊரே நம்ப விரும்பியிருக்கிறது. வடு இருந்தால்தான் அது நிஜ மனுஷி என்று தோன்றியிருக்கிறது.

முகத்துக்கும் மானத்துக்கும் உள்ள உறவு அந்தக் காலத்து மதுரைக்கு நன்றாகத் தெரியும். திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை படையெடுத்து வந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. பதிலுக்கு மதுரைப் படையும் போய் அறுத்தது. சரித்திரத்தில் 'மூக்கறுப்புப் போர்' என்றே அதற்குப் பெயர். ரெம்ப்ராண்ட் தன் உருண்டை மூக்கின் நுனியில் வெளிச்சம் வைத்துக்கொண்டிருந்த அதே வருடங்கள்.

சிற்பி விஷயத்துக்கு வருகிறேன். 1656-ல் ஸ்பெயினில் வெலாஸ்கெஸ் என்ற ஓவியர் ராஜா வீட்டு இளவரசியை வரையும்போது, தூரிகையோடு தன்னையும் அதே படத்தில் நிறுத்திக்கொண்டார். புது மண்டபத்தில் அந்த மாதிரி யாரும் நிற்கவில்லை. ராணிக் கதையில் வரும் சிற்பிக்குச் சுமந்திரமூர்த்தி ஆச்சாரி என்று பெயர் சொல்வார்கள். பெயர்தான், முகம் இல்லை. பத்து ராஜாக்களுக்கு மூக்கும் முழியும் வைத்த கூட்டத்தில் ஒருவர்கூடத் தன் மூக்கை ஒரு தூணில் வைத்துக்கொள்ளவில்லை.

எண்ணெய் வண்ணம் இங்கே வந்தபிறகும் மதுரைக்காரர்களுக்கு இந்தக் கதிதான். சுவாதித் திருநாள் காலத்தில் திருவிதாங்கூர் அரண்மனையில் ஓவியராக இருந்த அழகிரி நாயுடு மதுரைக்காரர். ரவிவர்மாவின் மாமா ராஜராஜ வர்மா அவரிடம்தான் கற்றுக்கொண்டார். பதினான்கு வயதில், 1862-ல், ரவிவர்மா திருவனந்தபுரத்துக்குப் போனபோது அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண வித்தையைச் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்றும் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார்கள். 1868-ல் தியடோர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை, வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே கற்றுக்கொண்டார் ரவிவர்மா. ரவிவர்மா பெயர் காலண்டர் வழியாக வீட்டுக்கு வீடு போனது. அழகிரி நாயுடு ஒரு வரியாகப் புத்தகத்தில் நிற்கிறார்.

*

இப்போது பெரியப்பா.

எங்கள் பெரியப்பா பேனர் ஆர்ட்டிஸ்ட். பன்னிரண்டு வயதில் ஒரு கம்பெனியில் பிரஷ் கழுவச் சேர்ந்து, மூன்று வருடம் கழித்து எழுத்துக்குப் பார்டர் போட விட்டார்கள், ஆறு வருடம் கழித்துத்தான் முகம் தொட விட்டார்கள். சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை, பார்த்ததுதான். காடாத் துணியை ரீப்பர் கட்டைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வெள்ளை பூசிக் காயவைத்து, ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, துணியிலும் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தை ஏற்றுவார்கள். பவுடர் கலரை லின்சீட் ஆயிலில் குழைப்பார்கள். லின்சீட் என்பது ஆளிவிதை. ரெம்ப்ராண்ட் குழைத்ததும் அதே ஆளிவிதை எண்ணெயில்தான். எம்.எஃப். உசேன்கூட ஆரம்பத்தில் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர்தான்.

மதுரைத் தியேட்டர் வாசல்களில் நாற்பதடி உயரத்துக்கு நின்ற முகங்களில் பாதி பெரியப்பா கை பட்டவை. அடியில் கம்பெனி பெயர் இருக்கும், அவர் பெயர் இருக்காது. 2000-க்குப் பிறகு பிளக்ஸ் வந்தது. நாலு நாள் வேலையை நாலு மணி நேரத்தில் மிஷின் துப்பியது. கம்பெனியை மூடினார்கள். பெரியப்பா கடை போர்டு எழுதினார், பள்ளிக்கூடச் சுவரில் திருவள்ளுவர் வரைந்தார். அதோடு இன்னொரு வேலையும் வந்துகொண்டிருந்தது. வீட்டில் யாராவது இறந்துவிட்டால், மங்கிப்போன பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொண்டுவந்து பெரிதாக வரைந்து தரச்சொல்வார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குள் வேண்டும் என்பார்கள். 'நான் வரைஞ்சதுல பாதி மூஞ்சிக்கு கட்அவுட்ல மாலை போட்டாய்ங்க, மீதி மூஞ்சிக்கு நடுவீட்டுல போட்டாய்ங்க' என்பார் பெரியப்பா.

போன வருடம் அவருக்குக் கண் அழுத்த நோய் என்று தெரிந்தது. இந்த நோயில் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். வலி இருக்காது, அதனால் தெரியாது. போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். நடுவில் மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிகிறது. கதவு நிலையில் தோள் இடிக்கிறது. சிம்மக்கல்லில் தனியாக ரோடு தாண்ட பெரியம்மா விடுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லூரில் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து அந்த 1659 படத்தை லேப்டாப்பில் காட்டினேன். வாஷிங்டன்காரர்கள் பெரிய அளவிலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள். இழுத்து இழுத்துப் பெரிதாக்கச் சொன்னார். முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தார்.

"மூக்கு நுனியில வெள்ளை வச்சிருக்கான் பாருத்தா. அதான் கடைசி டச். அத வச்சாத்தான் மூக்கு வெளிய வரும். அதுக்கப்புறம் ஒண்ணுந் தொடக்கூடாது."

கொஞ்ச நேரம் கழித்து, "சட்டையில வேலையே பாக்கல. சும்மா இழுத்து விட்டுருக்கான். இருக்குற சாமான் பூராத்தையும் மூஞ்சியிலயே கொட்டிட்டான்" என்றார். அப்புறம், "தூங்காத கண்ணுத்தா இது. யாரு இந்த ஆளு?"

சொன்னேன். கடன், வீடு, பட்டியல், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்க ஏன் பெரியப்பா உங்க மூஞ்சிய வரையவே இல்ல?"

"நம்ம மூஞ்சிக்கு யாரு காசு குடுப்பா?"

அதோடு பேச்சு முடிந்தது. பெரியம்மா உள்ளேயிருந்து, "உசிரோட இருக்கவுக படத்த எவளாச்சும் வரையச் சொல்லுவாளா?" என்று என்னை ஏசினார். அந்த வீட்டில் படமாக மாட்டப்படுவது என்றால் என்ன அர்த்தம் என்று நாற்பது வருடமாகப் பார்த்தவர் அவர். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

பத்துநாள் கழித்து பெரியப்பாவே போன் போட்டார். "ரெண்டடிக்கு ஒன்றரை அடி கண்ணாடி ஒண்ணு வாங்கியா. ரசம் போகாததா பாரு."

வாங்கிக் கொடுத்தேன். அவர் செய்ததைப் பார்த்தபோதுதான் இந்த ஆள் எப்படிப்பட்ட தொழில்காரர் என்று எனக்குப் புரிந்தது. கண்ணாடி மேலேயே மார்க்கரால் கட்டம் போட்டார். இப்போது முகம் கட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் ஸ்டில் போட்டோ அசையாது, மனுஷன் அசைவான். அதற்கு நடுக்கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் மூக்கு நுனியை அந்தப் புள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒரு கட்டத்தை மட்டும் பார்ப்பார், துணியில் போடுவார். முழு முகமும் ஒரே பார்வையில் அவருக்குத் தெரியாது. தெரியவும் தேவையில்லை. வாழ்நாள் முழுக்க நாற்பதடி முகத்தை மூக்குப்பக்கத்தில் நின்று கட்டம் கட்டமாக வரைந்த ஆளுக்கு, முழு முகம் எப்போதுதான் தெரிந்தது? அவருடைய நோய் விட்டுவைத்திருந்த அளவு பார்வை, அவருடைய தொழிலுக்குப் போதுமானதாக இருந்தது.

காலை ஏழிலிருந்து ஒன்பது வரை திண்ணை வெளிச்சம். பதினோரு நாள். சினிமா முகத்துக்கு அடிக்கிற ரோஸ் இதில் இல்லை. தாடை நிழலுக்கு நீலம் இல்லை. ஓக்கரும் பழுப்பும் வெள்ளையும் கொஞ்சம் சிவப்பும்தான். சாரத்திலிருந்து விழுந்தபோது புருவத்தில் வந்த தழும்பு இருக்கிறது. நாலு நாள் தாடி இருக்கிறது. இடது கண் இமை லேசாகச் சரிந்திருக்கிறது. கடைசி நாள் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வெள்ளை. பிரஷ்ஷை வைத்துவிட்டார். பிறகு எதையோ நினைத்து மறுபடி எடுத்து, கீழ் ஓரத்தில் தன் இனிஷியலும் பெயரும் வருடமும் எழுதினார். அவர் பெயரை அவர் கையெழுத்தில் ஒரு படத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெரியம்மா வந்து நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நெத்தியில துன்னூறு எங்க? ஒருநா துன்னூறு இல்லாம இருந்திருக்கீகளா?" என்று கேட்டார்.

"குளிக்கிறதுக்கு முந்தி உள்ள மூஞ்சி இது. உனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார் பெரியப்பா.

பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

படத்தை மாட்டவில்லை. 'மாட்டுறதுக்கு நாளிருக்கு' என்று பெரியம்மா சொல்லிவிட்டார். பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து வைத்திருந்தார்கள். ஆனால் எண்ணெய்ப் படத்துக்கு ஒரு குணம் உண்டு. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் கிடந்தால் மஞ்சளடிக்கும். வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் மெல்ல விலகும். பெரியப்பா இதைச் சொன்னதும், 'அப்ப காலையில கொஞ்சநேரம் வெளிய வைங்க' என்று பெரியம்மாவே ஒத்துக்கொண்டார். இப்போது தினமும் ஏழு மணிக்கு அவரே எடுத்துவந்து திண்ணையில் சாய்த்து வைக்கிறார். பக்கத்தில் நாற்காலியில் பெரியப்பா, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அண்ணாந்து, ஐந்து நிமிஷம் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருக்கிறார். தெருவில் போகிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறார்கள்.